வீணை தனம்மாள்

மக்கள் வாழ்வில் ஒலியைப்போல் விரைந்து மறையும் பொருள் பிறிதொன்றில்லை. கல்லிற் பொறித்த எழுத்து ஆயிரம் ஆண்டு நிற்கின்றது. ஓலையில் எழுதிய பாட்டு, ஏடு பெயர்த்தெழுதுவார் உள்ளவரை வாழ்கின்றது. பாடிய குரலும் மீட்டிய நரம்பும் அப்பொழுதே காற்றோடு கலந்து ஒழிகின்றன. யாழ் வல்ல பாணரும் பாடினியரும் பண்டைத் தமிழகத்தில் பலர் இருந்தனர் என்பதைப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் நமக்கு அறிவிக்கின்றன. அவர் எழுப்பிய இசை செவிக்கு எவ்வாறு இருந்தது என்று சொல்ல வல்லார் இன்று ஒருவருமில்லை. அவ்வாறு மறைந்தொழிய இருந்த இசையுள் ஒரு சிறு பகுதி, மும்மூன்று நிமிட அளவினதாய், கரிய தட்டுகளில் தங்கி நமக்குக் கிடைத்திருக்கின்றது. அங்ஙனம் தங்கிய இசைக்கு உரியவருள் தலைசிறந்த பெருமாட்டியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரையப் புகுந்தோம்.

இதனை எழுத யாம் துணிந்த காரணத்தை முதற்கண் சொல்லுதல் வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூரை அடுத்த ஓர் ஊரில், எம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் தங்கியிருந்தோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை, சாமை விளையும் சரிவுகளும் பலாவும் புளியும் செறிந்த சிற்றூர்களும் உடையது. ஞாயிறு சாய்ந்தபின் அங்கு நிலவும் அமைதி, சமவெளியில் வளர்ந்த எமக்குப் புதிதாயிருந்தது. பாட்டனார் பள்ளியாசிரியராய் இருந்து ஓய்வு பெற்றவர்; சாவி கொண்டு முறுக்கிப் பாடவைக்கும் பழைய கிராமபோன் பெட்டி ஒன்றையும், ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் கண்போற் காத்து வருபவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவர் தனம்மாள் வாசித்த தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வாணலியில் கடுகு பொரிவது போன்ற இரைச்சலும், அதனூடே மெல்லிய நரம்பொலியும் கேட்டன. இதில் என்ன இருக்கின்றது என்று எண்ணி, அருகிலிருந்த எம் தம்பியோடு பேசத் தொடங்கினோம். பாட்டனார் கடிந்துரைக்கவில்லை. தட்டின்மேல் ஓடிய முள்ளைத் தூக்கினார். தட்டைத் துடைத்து உறையிலிட்டார். பெட்டியை மூடிவிட்டு வெளியே போய் அமர்ந்தார். யாம் அடைந்த நாணம் சிறிதன்று. மறுநாட்காலை யாமே சென்று வேண்டியபோது, அத்தட்டு வெள்ளிக்கிழமை மாலையில் அன்றி வைக்கப்படாது என்று கூறி, அவ்விடைப்பட்ட நாட்களில் தனம்மாள் என்பார் யார் என்பதைச் சிறிது சிறிதாகச் சொல்லி வந்தார். ஊர் திரும்பியபின் நூல்களிலும் தேடிக் கற்றோம். அவற்றின் பயனே இக்கட்டுரை.

குடியும் பிறப்பும்

தனம்மாள் 1867ஆம் ஆண்டில் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். அவருடைய முன்னோர் தஞ்சை மராட்டிய மன்னரின் அவையைச் சார்ந்து வாழ்ந்தவர். பாட்டியார் காமாட்சி அவ்வவையில் நாட்டியமாடிப் புகழ் பெற்றவர். 1855இல் மன்னர் ஆண்மகவின்றி இறக்க, தஞ்சை அரசு கும்பினியார் வசமாயிற்று. அரண்மனையின் ஆதரவை நம்பி வாழ்ந்த கலைஞர் பலர் செல்வம் பெருகி வந்த சென்னை நகரை நோக்கிப் புறப்பட்டனர். அவ்வாறு வந்த குடும்பங்களுள் தனம்மாளின் குடும்பமும் ஒன்று. தாயார் சுந்தரம்மாள், சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரியாரின் மைந்தர் சுப்பராய சாஸ்திரியாரிடம் கீர்த்தனங்களைப் பாடம் கேட்டவர். ஆகவே தனம்மாள் பிறந்த இல்லத்தில் இசை என்பது கிணற்றுநீர் போல எந்நேரமும் இருந்தது.

இவர் பிறந்த குலம், கோயிலிலும் அரசவையிலும் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட மகளிரின் குலம். இதனை மறைத்தெழுதுவோர் சிலர் உளர். மறைத்தலால் அவருக்குப் பெருமை சேராது. பெண்கல்வி அருகியிருந்த அக்காலத்தே, தெலுங்கும் தமிழும் வடமொழியும் கலந்த அரிய உருப்படிகளை நூற்றுக்கணக்கில் நெஞ்சிற் பதித்து, தாயிடமிருந்து மகளுக்கும் பாட்டியிடமிருந்து பேத்திக்கும் கைம்மாற்றி வந்தவர் இம்மகளிரே. மாலையில் இவர்தம் பாட்டை விரும்பிக் கேட்ட ஊரார், காலையில் இவர்களை மதியாது ஒதுக்கினர். குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிய வேண்டியதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் தொடங்கிய முயற்சி 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டமாய் முற்றுப்பெற்றது நன்றே. ஆனால் வழக்கத்தை வெறுத்தோர் பலர் அம்மகளிரின் கல்வியையும் உடன் வெறுத்தது நேர்மையன்று. தனம்மாளின் வாழ்வை இவ்விரண்டினையும் பிரித்தறியும் கண்கொண்டு பார்த்தல் வேண்டும்.

கற்ற கல்வி

வீணையை அழகியசிங்கரய்யா என்பாரிடம் கற்றார் தனம்மாள். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைச் சாத்தனூர்ப் பஞ்சு ஐயரிடம் பயின்றார். கண்பார்வை அற்றவராகிய பால்தாஸ் நாயுடு என்னும் வித்துவான், க்ஷேத்ரய்யர் இயற்றிய தெலுங்குப் பதங்களை அவருக்குக் கற்பித்தார். ஜாவளிகள் பல இயற்றிய தருமபுரி சுப்பராயர் இவரோடு நெருங்கிய நட்புடையவர். அவர் செய்த ஜாவளிகளை அவரிடமே கேட்டுப் பாடம் பண்ணும் பேறு இவருக்கு வாய்த்தது. ஓர் ஆசிரியரோடு அமையாது, எவரிடத்து எது சிறந்ததோ அதனை அவரிடமே சென்று பெற்றார். தமிழ் பயிலும் எம்போன்ற மாணவர்க்கு இஃதொரு நல்ல பாடம்.

வீணையை மீட்டுவோர் விரலில் கம்பி வளையம் மாட்டிக்கொள்ளுதல் பெருவழக்கு. அதனால் ஒலி உரத்துக் கேட்கும். தனம்மாள் அதனைக் கொள்ளாது வெறும் விரலாலேயே மீட்டினார். மீட்டும்போதே தாமும் மெல்லப் பாடினார். குரல் எங்கு முடிந்து நரம்பு எங்குத் தொடங்குகின்றது என்று கேட்போர்க்குத் தெரியாதவாறு இரண்டும் இழைந்து நிற்கும். விரைவும் ஆரவாரமும் அவர் வழியன்று. மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்களையும் பெரும்பாலும் அவர் வேண்டவில்லை. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்குச் செல்லும் அந்த இடைவழியிலேதான் இராகத்தின் உயிர் இருக்கின்றது என்பதை உணர்ந்து, அவ்விடைவழியை அவசரப்படாது நடந்தார். பிறர் ஒரு நாழிகை விரித்தும் காட்டவியலாத இராக வடிவத்தை அவர் சில பிடிகளில் காட்டிவிடுவார் என்பது அவரைக் கேட்ட வித்துவான்களின் துணிபு.

வெள்ளிக்கிழமை மாலை

தனம்மாள் கச்சேரி மேடைகளால் பெயர் பெற்றவர் அல்லர். அவர்தம் புகழ் நிலைபெற்றது ஜார்ஜ் டவுனில் அவர் வாழ்ந்த இல்லத்திலேயே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை விளக்கு வைத்தபின் அவர் வீணையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். கேட்க விரும்புவோர் வந்து அமர்வர். அங்குக் கட்டணமும் அழைப்பிதழும் இல்லை. ஆனால் ஒரு விதி உண்டு; அஃது அமைதி. சலசலப்பு எழுந்தால் அவர் மனம் ஒவ்வாது. வாசிப்பு நின்றுவிடும் என்று கேட்டவர்கள் அஞ்சுவர். மெல்லிய அவ்வொலியைச் செவியுற விரும்புவோர், மூச்சையும் அடக்கிக்கொண்டு இருத்தல் வேண்டும். பெரிய சபைகளில் ஆயிரவர் கைதட்டப் பாடிய வித்துவான்கள் அச்சிறிய அவையில் மாணவரைப்போல் ஒடுங்கி இருந்தனர். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை அவர்கள் தனம்மாளிடத்துப் பெருமதிப்பு வைத்தவர். பிற்காலத்தில் அவர்தம் பேத்திமார்க்கு ஆசிரியராகவும் அமைந்தவர்.

எம் பாட்டனார் தட்டு வைக்கும் நாளுக்கும், எம் பேச்சைக் கேட்டு முள்ளைத் தூக்கியதற்கும் காரணம் இதனால் விளங்கிற்று. அம்மையார் வகுத்த விதியை, அவர் மறைந்து பல்லாண்டு கழிந்தபின்னும், மலைமேல் ஒருவர் தம் வீட்டில் காத்து வந்தார் என்க.

மெழுகில் பதிந்த இசை

ஒலிப்பதிவுக் கருவி இந்தியாவுக்கு வந்த காலத்தில் இவர் நடுவயது எய்தியிருந்தார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைக் கிராமபோன் கும்பினியார் பதிவு செய்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் தென்னாட்டிலும் சேலம் கோதாவரி, கோயமுத்தூர்த் தாயி முதலியோர் தட்டுகளில் பாடினர். கௌரவம் பார்த்து வித்துவான்கள் பலர் தயங்கி நின்றபோது, துணிந்து முன்வந்து பாடியவருள் பெரும்பாலார் இசைத்தொழில் மகளிரே என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் தகும். தாயியின் இசை கடல்கடந்தும் சென்று, மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசைப்புலவரின் உள்ளத்தைக் கவர்ந்தது.

அக்காலப் பதிவுமுறையைச் சிறிது அறிந்தால் அன்றி, தனம்மாளின் தட்டுகளின் அருமை புலப்படாது. முதலில் இருந்த முறையில், பாடுவோர் பெரியதொரு கூம்பின் வாயருகே நின்று உரக்கப் பாடுவர். அவ்வொலியே மறுமுனையிலுள்ள மென்தகட்டை அசைக்க, அதனோடு பிணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் வரியிட்டுச் செல்லும். மெல்லிய வீணையொலிக்கு அவ்வூசியை ஆழ அசைக்கும் ஆற்றல் போதாது. 1925ஐ ஒட்டி மின்சார மைக்ரோபோன் வழக்கில் வந்தது. அதன்பின் சிற்றொலியும் பெருக்கப்பட்டு வெட்டூசிக்குச் சென்றது. வெட்டிய மெழுகின்மேல் உலோகப் பூச்சேற்றி, அதிலிருந்து அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் அழுத்தித் தட்டுகள் செய்தனர். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும்.

இதில் நாம் கருதவேண்டியது ஒன்று உண்டு. ஒலிநாடா வருமுன் எல்லாப் பதிவும் நேரே தட்டிற் பதிந்ததே. பிழை நேர்ந்தால் அழித்தெழுதவோ, நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டவோ வழியில்லை. பதிந்த மெழுகை உடனே ஓடவிட்டுக் கேட்டால் அதன் வரி கெட்டுவிடும். ஆகவே அச்செடுக்கவேண்டிய மெழுகைக் கேட்டுப் பார்க்கவும் இயலாது. பிழை கண்டால் புதுமெழுகு வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. தொடங்கினால் முடியும்வரை ஒரே மூச்சு. அறையில் இருந்தது எதுவோ அதுவே தட்டிலும் இருக்கும்.

1932இல் கொலம்பியா கும்பினியார் தனம்மாளைப் பதிவு செய்தனர். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தைந்தளவில் இருக்கும். கட்டற்ற பொழுதில், ஓர் இராகத்தை மனம் நிறையும்வரை தேடிச் சென்ற விரல்கள், கடிகாரத்தின் முள்ளுக்கு அடங்கி மூன்று நிமிடத்துக்குள் நிற்கவேண்டியதாயிற்று. விளக்கொளியும் பழகிய முகங்களும் நீங்கிய இடத்தில், இரும்புக் கருவி ஒன்றே கேட்போராய் அமைந்தது. ஆயினும் அத்தட்டுகளில் அவசரம் சிறிதும் இல்லை. சொல்லவேண்டியதைச் சொல்லி, எஞ்சியதைச் சொல்லாது விட்டு, அமைதியாக முடிக்கின்றார். முதுமையின் நடுக்கம் குரலில் தெரிகின்றது. அதனை அவர் மறைக்கவில்லை. மறைக்கக் கருவியும் இடந்தரவில்லை. குறள்வெண்பாவின் ஏழு சீருக்குள் ஒரு பெரும்பொருளை அடக்கும் புலவரைப்போல, சிறிய அளவுக்குள் நிறைந்த வடிவம் காட்டினார் என்று சொல்வது மிகையாகாது. வெள்ளிக்கிழமை மாலையின் முழுவடிவம் இத்தட்டுகளில் இல்லை என்று அவரை நேரிற் கேட்டோர் வருந்தினர். அவ்வருத்தமும் உண்மையே. கடலைக் கண்டவர்க்குச் சங்கின் ஒலி சிறிதாகத் தோன்றும். கடலைக் காணாத நமக்கோ அச்சங்கு ஒன்றே உளது.

இறுதிக் காலமும் வழித்தோன்றல்களும்

அம்மையாரின் பிற்காலம் இன்பம் நிறைந்ததன்று. கண்பார்வை குன்றி மறைந்தது. பெரிய குடும்பத்தைத் தாங்கும் பொறுப்போடு பொருள் முடையும் வருத்திற்று. ஆதரித்த செல்வர்கள் மறைந்தனர். காலமும் உரத்த இசையையும் பெரிய மண்டபங்களையும் நாடிச் சென்றது. ஆயினும் கேட்போரின் விருப்பத்துக்கேற்பத் தம் இசையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பார்வை போனபின்னும் விரல்கள் மெட்டுகளின் இடத்தைத் தவறாது கண்டன. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் சென்னையில் அவர் உலகவாழ்வை நீத்தார்.

அவர் வைத்துச் சென்ற செல்வம் பொன்னும் மனையும் அன்று, பாடமே. பேத்திமாராகிய பிருந்தாவும் முக்தாவும் பதங்களையும் ஜாவளிகளையும் பாட்டியின் வழி பிறழாது பாடினர். மற்றொரு பேத்தியாகிய பாலசரசுவதி, 1925இல் ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறி, பின்னர் பரதநாட்டியத்தை உலகறியச் செய்தார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது பாலசரசுவதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் வழங்கப்பெற்றது. பேரன்மாருள் விசுவநாதன் குழலிலும் ரங்கநாதன் மிருதங்கத்திலும் வல்லவராய், அமெரிக்க நாட்டிலும் மாணவர் பலர்க்குக் கற்பித்தனர். ஒரு காலத்தில் ஊரார் ஒதுக்கிய குடியின் கல்வியை, உலகம் பின்னர்த் தானே தேடி வந்து கற்றது.

தட்டுகளைக் காப்போர்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஒலிநாடா வந்தது. 1948இல் வினைல் என்னும் பொருளாலான நெடுந்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. இசையை முதலில் நாடாவில் பிடித்து, திருத்தி ஒட்டி, பின் தட்டுக்கு மாற்றுதல் பொதுவழக்காயிற்று. மெழுகுத் தட்டின் காலம் ஒழிந்ததென்று எல்லோரும் கருதினர். ஆனால் 1970களை ஒட்டி, கலிபோர்னியாவில் ஷெபீல்டு லேப் என்னும் நிலையத்தார் நாடாவை நீக்கி, இசையை மீண்டும் நேரே தட்டில் வெட்டத் தொடங்கினர். நாடாவின் இரைச்சல் அதில் இல்லை, ஒலி தெளிவாயிருந்தது. இசைப்போர் ஒரு பக்கம் முழுவதையும் நிறுத்தாது வாசிக்கவேண்டிய பழைய கட்டுப்பாடும் உடன் திரும்பியது. ஓர் அச்சிலிருந்து குறைந்த அளவு தட்டுகளே எடுக்கலாகும் ஆதலின், நல்லொலி விரும்புவோர் அவற்றை விலை கொடுத்துத் தேடிச் சேர்த்தனர். முன்னோர் வேறு வழியின்மையால் செய்ததைப் பின்னோர் வேறு வழியிருந்தும் விரும்பிச் செய்தனர் என்றால், அம்முறையில் ஓர் உண்மை இருத்தல் வேண்டுமன்றோ?

பழைய அரக்குத் தட்டுகளைக் காத்தல் எளிதன்று. கைதவறினால் ஓடுபோல் உடையும். ஈரமும் தூசியும் அவற்றுக்குப் பகை. கிராமபோன் பெட்டியின் எஃகு முள்ளோ ஒவ்வொரு முறையும் வரியைச் சிறிது தேய்க்கும். ஆதலால் பக்கத்துக்கு ஒரு புதுமுள் இடுவர். தனம்மாளின் தட்டை ஒருமுறை கேட்டல் என்பது அதனை ஒரு துளி செலவழித்தலே. எம் பாட்டனார் வாரத்துக்கு ஒருமுறை என்று வரையறுத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. யாம் பேச்சினால் வீணாக்கியது மூன்று நிமிடம் மட்டுமன்று என்பதை அப்பொழுதுதான் அறிந்தோம். இக்காலத்தில் இத்தகைய தட்டுகள் பல மின்னணு முறையில் பெயர்க்கப்பட்டுள்ளன. கைப்பேசியிலும் தனம்மாளைக் கேட்கலாம். தேய்வும் உடைவும் இன்றி இசை பிழைத்திருக்க இது நல்வழியே. ஆனால் எந்நேரமும் கிடைப்பதை எந்நேரமும் பாதியிலே விட்டுவிடுதல் நம்மனோர் இயல்பு. பொருளைக் கருவி காக்கும். கேட்கும் ஒழுக்கத்தை மனிதரே காத்தல் வேண்டும்.

முடிவுரை

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைத்தபின் பாட்டனார் புதுமுள் மாட்டி, சாவி முறுக்கி, தட்டைச் சுழலவிட்டார். இம்முறை யாம் வாய் திறக்கவில்லை. முதலில் இரைச்சலே கேட்டது. பின்னர்ச் செவி தானே அதனை விலக்கக் கற்றுக்கொண்டது. நரம்பொலி அருகில் வந்தது. அதன் கீழே, தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல், முதுபெண் ஒருவரின் குரல் கேட்டது. எம் தம்பியும் அசையாது இருந்தான். தட்டு முடிந்தபின்னும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

அம்மலையிலேயே காவலூரில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று உளது. 1986ஆம் ஆண்டு முதல் பெரிய தொலைநோக்கி ஒன்று அங்கு இயங்கி வருகின்றது. இருள் செறிந்த இடமாதலின் அதனைத் தேர்ந்தனர். பல்லாண்டுகட்கு முன் புறப்பட்ட விண்மீன்களின் மெல்லொளி, ஊர்விளக்குகளின் பேரொளியில் தோன்றாது. நுண்ணிய ஒளியைக் காண இருளைக் காக்கின்றனர் வானூலார். நுண்ணிய இசையைக் கேட்க அமைதியைக் காத்தார் தனம்மாள்.

மாணவ நண்பர்காள்! வீணையும் மெழுகுத் தட்டும் நம் எல்லோர்க்கும் கிட்டா. ஆனால் ஒருவர் பாடும்போதும் பேசும்போதும் முழுமனத்தோடு செவி கொடுத்தல் நம் ஒவ்வொருவராலும் ஆவது. வகுப்பறையிலும் வழிபாட்டிலும் இல்லத்திலும் அஃது இன்று அருகி வருகின்றது. உரத்துப் பேசி உலகை வென்றோர் வரலாறு பல படித்திருக்கின்றோம். மெல்ல வாசித்து, உலகைத் தம்மிடம் குனிந்து கேட்கச் செய்த இப்பெருமாட்டியாரின் வரலாற்றையும் நினைவில் வைப்போமாக. வீணை தனம்மாளின் புகழ் நீடு வாழ்க!